மந்திரிக்கு வைத்த மடை

விவசாயிகளில் இரண்டு வகை உண்டு. உழுகிறவர்கள் ஒரு வகை. எப்போதோ உழுததைச் சொல்லிக்கொண்டே வாழ்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி எழுதினால் படிக்க அவர்களுக்கு நேரமிருக்காது. இரண்டாம் வகையை நீங்கள் மேடைகளில் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இது ஏர் பிடிச்ச கை!" என்பார்கள். காய்ப்பு இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தவர் எவருமில்லை.

எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ. வீரையா இந்த இனத்தில் தேர்ந்த மாதிரி. சாக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை ஊர்க்காரர். ஒரு காலத்தில் நல்ல சம்சாரி; நிஜமாகவே உழுது விளைவித்தவர். அதை மறைத்தால் கேலி பொய்யாகிவிடும். அறுபத்தேழாம் வருடத் தேர்தலில் ஜெயித்து, மெட்ராஸ் போய், காளைகளைச் சிங்கம்புணரிச் சந்தையில் விற்று, நிலத்தை வாரத்துக்கு விட்டு, ஜீப் வாங்கி, விடுதி அறையில் மின்விசிறிக்குக் கீழே தூங்கப் பழகிய பிறகும், சபையில் எழுந்தால் "ஒரு விவசாயி என்கிற முறையில்" என்றுதான் ஆரம்பிப்பார். பேச்சு துறைமுகத்தைப் பற்றியதாக இருந்தாலும் சரி.

ஊருக்கு வந்தால் காரைக்குடியிலிருந்து புகைப்படக்காரரும் வருவார். வீரையா யாருடைய ஏரையாவது வாங்கி ஒரு சால் ஓட்டுவார். படம் விழுந்ததும் ஏர் கைமாறும். போகிற இடத்திலெல்லாம் குனிந்து மண்ணை அள்ளி முகர்வார். தேவகோட்டையில் பள்ளிக்கூடம் கட்டக் கொட்டியிருந்த மணலையும் ஒருமுறை முகர்ந்துவிட்டார்.

தீங்கில்லாத வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தோம். பிறகு அவர் ஊருக்கு நன்மை செய்தார்.

கண்மாயின் பழைய மடையை எடுத்துவிட்டு, திருகித் திறக்கிற இரும்பு ஷட்டர் போட்டுத் தந்தார். பூட்டும் போட்டார். மந்திரி வந்துதான் திறக்க வேண்டும் என்றார். எங்கள் பக்கம் மழையை நம்பி விதைத்து, கதிர் வரும் வேளையில் கண்மாயைத் திறப்பது வழக்கம். தேங்காய் உடைத்து, கும்பிட்டு, நாலு பேர் சேர்ந்து திறந்தால் ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்தது. இந்த முறை கண்மாய் நிரம்பியது. மழை நின்றது. பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டியது. மந்திரியிடம் தேதி கிடைக்கவில்லை.

கடைமடையில் அழகிக்கு ஒரே ஒரு வயல். அது விளைந்தால்தான் அந்த வருடம் அவள் பிள்ளைகளுக்குச் சோறு. ஒருநாள் ஜீப் கரையில் நின்றதும் ஓடிப்போய் மறித்தாள்.

"அண்ணே, வந்ததுதான் வந்தீக, இங்குட்டு எறங்கிப் பயிரைப் பாத்துட்டுப் போங்க."

வீரையா இறங்கினார். ஒரு தூரைப் பிரித்து, தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். "இந்த வாரம் தண்ணி காட்டலேன்னா அம்புட்டும் பதருதான், அழகி."

எந்த அதிகாரியும் அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

"பெறகென்ன? சாவி ஜீப்புலதான இருக்கு. தொறந்து விடுங்க."

"நான் தொறந்துட்டா மந்திரி வந்து எதைத் தொறப்பாரு?"

"பெறகு மூடி வச்சா, அவரு வந்து மறுக்காத் தொறக்கட்டுமே. ஷட்டருக்கு வலிக்கவா போகுது?"

எம்.எல்.ஏ.யின் வலதுகையான பொன்னழகுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெவரங்கெட்டதனமாப் பேசாத. பக்கத்தூருக் கண்மாய்க்கு ஒரு ஓவர்சியர்கூட எட்டிப் பாக்கல. நமக்கு மந்திரியே வாராரு!"

"வரட்டும்யா. வந்து எங்க வீட்டுல ஒல வைக்கட்டும்."

கரையில் நின்ற சம்சாரிகள் சிரித்தார்கள். அவர்களுடைய பயிரும் காய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஒருவர்கூட அவள் பக்கம் நகரவில்லை. மந்திரி வருகிற ஊர் என்ற பேச்சு ஏற்கனவே சந்தை வரை போயிருந்தது.

வீரையா நெஞ்சில் கை வைத்தார். "ஒன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? நானும் சம்சாரிதானே." ஜீப் கிளம்பியது.

தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே ஒரு மனிதன் நிற்க வேண்டும். அந்த மனிதன் எப்போதோ மேடைக்குப் போய்விட்டான்.

தை மாதம் மந்திரி வந்தார். கொட்டு, மாலை, ஒலிபெருக்கி. ஷட்டரைத் திருகியதும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. "பயிர் வாடினால் என் வயிறு வாடும்!" என்றார் வீரையா. பதராகிப்போன வயல்களின் சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள்.

பொன்னழகு வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "ஏ அழகி, மந்திரிக்கு மாலை போட ஒரு பொம்பளை ஆளு வேணுமாம், வா!"

அவள் மாட்டுக்கு ஆகும் என்று பதராகிப்போன பயிரின் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். "எனக்குச் சோலி கெடக்கு. அவரையே எடுத்துப் போட்டுக்கிடச் சொல்லு."

தண்ணீர் கடைமடைக்கு வந்தபோது, அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, சேற்றை அள்ளி வயலின் வாயை அடைத்தாள். வைக்கோலாவது நனையாமல் இருக்க வேண்டுமே.

"நானாக இருந்தால் அன்றைக்கே பூட்டை உடைத்திருப்பேன்" என்கிறீர்கள். இருக்கலாம். கரையில் நின்ற ஒவ்வொருவர் வீட்டிலும் கடப்பாரை இருந்தது. அதே வீட்டில், விழாவுக்கென்று துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையும் இருந்தது. உங்கள் பெட்டியைத் திறந்து, அப்படி ஒன்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாருங்கள். பிறகு வீரையாவைப் பார்த்துச் சேர்ந்தே சிரிக்கலாம்.