அறுபதாம் கல்யாணத்தில் அள்ளிய ஐந்து நட்சத்திரங்கள்

பாராட்டே எனக்குப் பிடிக்காது என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். பல வருடம் நான் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். கட்டற்ற மென்பொருள் ஊருக்கே சொந்தம், எழுதியவன் பெயர் முக்கியமில்லை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், தன் பெயரில் வெளியிடலாம் என்று திருவனந்தபுரத்து வாயனசாலை, அதாவது படிப்பகம், ஒவ்வொன்றிலும் போய்ப் பேசியிருக்கிறேன். (கேட்டவர்களில் பாதிப் பேர் நியூஸ்பேப்பர் படிக்க வந்தவர்கள்.)

நான் எழுதிய ஆப்பின் பெயர் 'போர்டு'. மலையாள எழுத்தின் மேல் போனைப் பிடித்தால் அதைத் தமிழ் எழுத்தில் காட்டும். அவ்வளவுதான். சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. வள்ளியூர், நாங்குநேரிப் பக்கமிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், கடையில் தமிழ் காதில் விழுந்ததும் ஸ்கேன் கவரோடு உள்ளே வந்து, "அண்ணாச்சி, இந்தச் சீட்டுல எந்தப் பக்கம் போகச் சொல்லிருக்கு?" என்று கேட்பார்கள். ஆணி நிறுத்துக்கொண்டே அப்பா படித்துச் சொல்வார். கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் யாரிடம் கேட்பார்கள் என்று யோசித்துத்தான் அதை எழுத ஆரம்பித்தேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

முதலில் கட்டற்ற மென்பொருள்களுக்கென்றே இருக்கும் ஸ்டோரில் போட்டேன். பதினோரு பேர் இறக்கினார்கள். அதில் மூன்று பேர் நான். என் வலைத்தளத்திலிருந்து நேரடியாக இறக்கச் சொன்னால், 'இந்தக் கோப்பு உங்கள் போனுக்குக் கேடு விளைவிக்கலாம்' என்று போன் மிரட்டியது. என் சொந்த அத்தையே பயந்துபோய் போனை அணைத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். ஸ்கேன் கவரோடு வருகிறவர்கள் தேடப்போவது எல்லோர் போனிலும் இருக்கும் அந்தப் பெரிய வியாபார ஸ்டோரில்தான். கொள்கையைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டு அங்கேயும் போட்டேன். 'போர்டு' என்று தேடினால் கேரம், செஸ், பத்தாம் வகுப்புப் பரீட்சை எல்லாம் வந்து முடிந்த பிறகு நான் வந்தேன். மதிப்பீடு எழுதியவர்கள் நாலே பேர். ஒருவர் சீன எழுத்தின் மேல் போனைப் பிடித்துப் பார்த்துவிட்டு 'சுத்த மோசம்' என்று எழுதியிருந்தார்.

நிறைய பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் ஆப் மேலே ஏறும் என்று யாரோ சொன்னார்கள். அந்த மாதம்தான் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம்.

பத்திரிகையில் அப்பா 'அன்பளிப்பு தவிர்க்கவும்' என்று அச்சடித்திருந்தார். நாகர்கோவிலிலிருந்து இரண்டு வேனில் வந்து இறங்கிய சொந்தக்காரர்களுக்கு வெறுங்கையோடு மண்டபத்தில் உட்காரவே கூச்சமாக இருந்தது. "அண்ணன் ஒண்ணுமே வாங்க மாட்டேங்காரே, இதென்ன மரியாதை?" என்று ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. (அதற்கு லீவு கொடுத்திருக்கலாம்.) நாதஸ்வரக்காரர் காப்பி குடிக்கப் போன இடைவெளியில் மைக்கைப் பிடித்து, "அப்பாவுக்கு ஏதாவது செய்யணும்னு நினைக்கவங்க என் ஆப்புக்கு அஞ்சு நட்சத்திரம் போடுங்க" என்று சொல்லி, மண்டபத்து வைஃபையின் பாஸ்வேர்டையும் அறிவித்தேன்.

மண்டபமே எழுந்து நின்றது. பொறுப்பை ஆறுமுகம் சித்தப்பா எடுத்துக்கொண்டார். ஆடிட்டர் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். எதுவும் ஒரே மாதிரி இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "ஆளுக்கொரு விதமா எழுதப்பிடாது கேட்டியளா? நான் சொல்லுகத எழுதுங்க" என்று மைக்கில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: 'மிகவும் நல்ல ஆப். பையனும் தங்கமான பையன். சாலைக்கடை அண்ணாச்சியின் மகன். தம்பதியர் நீடூழி வாழ்க.'

பிறகு சாப்பாட்டு ஹால் வாசலில் நின்றுகொண்டார். போனைக் காட்டினால்தான் இலை.

"நான் கண்ணாடி எடுத்துட்டு வரலியே சித்தப்பா."

"போனைக் கொண்டா. நான் போட்டுத் தாரேன்."

அடப்பிரதமன் பாயசம் பரிமாறுவதற்குள் எண்பத்தேழு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். அம்மா மணக்கோலத்தில் சொல்ல, ஐயர் தன் போனில் போட்டது எண்பத்தெட்டாவது. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஸ்டோரிலிருந்து மெயில் வந்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே வாசகத்தில் வந்த போலி மதிப்பீடுகள் காரணமாக ஆப் நீக்கப்பட்டது, என் கணக்கும் மூடப்பட்டது. போலியாம்! எண்பத்தெட்டும் ரத்த சொந்தம்! (ஐயரைத் தவிர.)

நான் மூன்று பக்கத்துக்கு மேல்முறையீடு எழுதினேன். அறுபதாம் கல்யாணம் என்றால் என்ன என்று விளக்கி, பந்தியின் போட்டோவையும் இணைத்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: முடிவு இறுதியானது.

"நேர்ல போயிப் பேசுவோம் மக்கா. ஆபீஸ் எங்க இருக்கு?" என்று அப்பா சட்டையை மாட்டினார்.

"அமெரிக்காவுலப்பா."

"கழக்கூட்டம் ஐ.டி. பார்க்குல கிளை ஒண்ணும் இல்லியா?"

அந்த வாரம் கடைக்கு வந்த ஒரு அம்மாள் சீட்டை நீட்டி வழி கேட்டார். பழக்க தோஷத்தில், ஆப்பை இறக்கித் தரலாம் என்று அவர் போனை வாங்கித் தேடினேன். கேரம் வந்தது, செஸ் வந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தேன். வீம்புக்கு நட்சத்திரம் பொறுக்கப் போய், இவருக்கு உதவியிருக்க வேண்டியதைக் கெடுத்தவன் நான். சீட்டை அப்பாதான் படித்துச் சொன்னார்.

மறுநாள் வித்துராவிலிருந்து ஸ்ரீஜா என்று ஒரு பெண் போன் செய்தாள். அங்கே கம்ப்யூட்டர் சேவை மையம் நடத்துகிறவள். மலைமேல் போனக்காட் தேயிலை எஸ்டேட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், மலையாளத்தில் வரும் நோட்டீஸ்களை 'போர்டு' வைத்துத்தான் படிக்கிறார்களாம்.

"சேட்டா, ஆப் இப்போ ஸ்டோரில் காணானில்லல்லோ? புதிய போன் வாங்கிச்சவரு வந்து சோதிக்குந்நு. லைசன்ஸ் ஞான் வாயிச்சு. ஆர்க்கும் எடுத்து இறக்காம் அல்லே?"

புதுப் போன் வாங்கியவர்கள் ஆப்பைக் காணோம் என்று அவளைக் கேட்கிறார்களாம்; லைசன்ஸைப் படித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்து வெளியிடலாம் அல்லவா என்று கேட்கிறாள். வாயனசாலைகளில் நான் தொண்டை கிழியச் சொன்னது அதுதான். ஆனால் என் ஆப் இன்னொருத்தி பெயரில் வருவதா? எரிச்சலை அறிவுரையாக்கி, நிரல் இன்னும் பக்குவப்படவில்லை, கையெழுத்துப் போர்டுகளைச் சரியாகப் படிக்காது, கொஞ்ச மாதம் பொறுப்பதே நல்லது என்று பத்து நிமிடம் பேசினேன். அவள் எல்லாவற்றுக்கும் "ஆ, ஆ" என்று பொறுமையாகக் கேட்டாள்.

"கையெழுத்து ஞான் சரியாக்கி சேட்டா. ஆப் இன்னு ராவிலே ஸ்டோரில் கேறி. சேட்டன்டெ பேரு எங்ஙனே வைக்கணம் என்னு சோதிக்கான் விளிச்சதா. இனிஷியல் உண்டோ?"

காலையிலேயே ஆப் ஸ்டோரில் ஏறிவிட்டது! அவள் அனுமதி கேட்கவே இல்லை. லைசன்ஸ்படி கேட்கவும் வேண்டாம். என் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் "சு. நடராஜன்" என்றேன்.

உடனே அவள் எழுதியதை இறக்கிப் பார்த்தேன். நான் ஒரு வருடமாக முட்டி மோதிய கையெழுத்துப் பிரச்சினையை நாற்பது வரியில் தீர்த்திருந்தாள். பொறாமைப்படக்கூட முடியவில்லை, அத்தனை அழகாக இருந்தது. இப்போது அந்த ஆப் மலையேறி, ஆஸ்பத்திரி ஏறி, எங்கெங்கோ போய்விட்டது. சொந்தக்காரர் பெயர் ஸ்ரீஜா. 'இதைப் பற்றி' என்ற பக்கத்தில் கட்டைவிரல் வலிக்க வலிக்கக் கீழே தள்ளினால், கடைசியில் எறும்பு அளவில் 'முதலில் எழுதியவர்: சு. நடராஜன், சாலை'. அம்மா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கும் தள்ளித் தள்ளிக் காட்டுவாள்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். ஸ்ரீஜாவும் வந்திருந்தாள். எங்கள் வீட்டு விசேஷங்களில் மைக் இப்போது நிரந்தரமாகச் சித்தப்பாவிடம்தான். "சாப்பாடு நல்லாருந்தா மனசோட வச்சுக்கிடுங்க, யாரும் எங்கயும் எழுதிராதீங்க" என்று ஆரம்பித்தார். பெண் வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை, எங்கள் பக்கம் எண்பத்தேழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஸ்ரீஜாவை மேடைக்கு இழுத்து வந்து, "இதுதான் நம்ம ஆப்புக்கு ஓனர்!" என்று அறிவித்தார். மண்டபம் அதிரக் கை தட்டினார்கள்.

கெட்டிமேளத்துக்குக்கூட அவ்வளவு கைதட்டல் இல்லை. மாலையும் கழுத்துமாக நின்ற நான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன். என் புது மனைவி காதோரம் சாய்ந்து, "அந்த ஆப்ல உங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள்.

"கீழ தள்ளிக்கிட்டே போ," என்றேன், "கடைசியில இருப்பேன்."