காற்றுக்குக் கட்டிய தார்ப்பாய்

தேவாரம்,
ஆடி 20.

மரியாதைக்குரிய பவுனு அக்காவுக்கு, தம்பி சுருளியாண்டி வணக்கத்தோடு எழுதுவது. மச்சானுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே மாடு கன்று உட்பட எல்லோரும் சுகம், என்னைத் தவிர. போனில் சொன்னால் மச்சான் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அதனால்தான் காகிதம்.

வைகாசியில் கல்யாணம் முடித்து, ஆடி பிறந்ததும் என் மகள் அனுசுயாவை இங்கே அனுப்பியபோது நீ என்ன சொன்னாய்? "ஏலே, ஆடி முடியிற மட்டும் எம்மகன் அவ பக்கத்துல அண்டப்படாது. சித்திரையில புள்ள பெறந்தா குடும்பத்துக்கு ஆகாது" என்றாய். வீரபாண்டி கௌமாரி மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியம் போயே போய்விட்டது அக்கா.

ஆடிக்காற்றில் எங்கள் இரும்புக் கேட்டின் கீல் பெயர்ந்து தொங்கியது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற மருமகன் இருக்க வெளியாளைக் கூப்பிட்டால் நீதான் கோபிப்பாய் என்று பாண்டீஸ்வரனை வரச் சொன்னேன். புதிதாக வாங்கிய கேஸ் மெஷினோடு வந்தான். சிலிண்டரிலிருந்து வருகிற கேஸ்தான் பற்றவைக்கிற இடத்தை மூடிக் காக்குமாம், காற்று அதை அள்ளிக்கொண்டு போனால் பற்றவைத்த ஒட்டு முழுக்கப் பொத்தலாகிவிடுமாம். அப்படியேதான் ஆயிற்று. காலையில் ஒட்டியது சாயங்காலம் கையோடு வந்தது, பார்த்தால் ஆப்பம் மாதிரி ஓட்டை. "காத்து விட மாட்டேங்குது மாமா, நாளைக்கு வாரேன்" என்பான். இப்படி ஆறு நாள். பாவம், சின்னமனூரிலிருந்து அலைகிறானே என்று கறிக்குழம்பு வேறு வைக்கச் சொன்னேன்.

ஏழாம் நாள், எங்கள் தெருவில் வெல்டிங் வேலை பார்க்கும் பேச்சிமுத்துவிடம் யோசனை கேட்டேன். நாலு பக்கமும் மறைப்புக் கட்டச் சொன்னார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், நெல் காயப்போடுகிற தார்ப்பாயை நானே கட்டினேன். கேட்டைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஓர் ஆள் வேண்டும் என்றான் உன் மகன், யாரென்று நான் கேட்கவில்லை. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது, யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்றான், நான் கம்போடு காவல் நின்று ஆட்டையும் அண்டை வீட்டாரையும் விரட்டினேன். அனுசுயா எங்கே என்று என் வீட்டுக்காரி கேட்டதற்கு, தூங்குகிறாள், எழுப்பாதே என்று பதில் சொன்னதும் நான்தான்.

அரை மணி நேரமாக உள்ளே சத்தமே இல்லை. மூடிய இடத்தில் கேஸ் தேங்கினால் மூச்சடைக்கும் என்று பேச்சிமுத்து சொல்லியிருந்தார். ஐயோ, அக்கா மகன் போய்விட்டானே என்று பதறி, தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தேன். சிலிண்டரைப் படுக்கப் போட்டு அதன்மேல் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், என் மகள் அவனுக்குப் பன்னீர் திராட்சை ஊட்டிக்கொண்டிருக்கிறாள். என் அலறல் கேட்டு ஓடிவந்த பேச்சிமுத்து சிலிண்டரைப் புரட்டிப் பார்த்தார். "அண்ணே, இது சீலே ஒடைக்கலையே. ஏழு நாளா ஒங்க மாப்ள கேஸ் இல்லாமத்தான் பத்த வச்சிருக்காக" என்றார். பழி மட்டும் காற்றின் மேல்.

ஆகவே அக்கா, உடனே வந்து உன் மகனை மெஷினோடு அழைத்துப் போ. ஆடி முடியும் முன் அவன் இந்தத் தெருவில் கால் வைத்தால் உனக்கும் எனக்கும் உறவே இல்லை. கௌமாரி உன் குடும்பத்தை நன்றாக வைக்கட்டும், என்னை மன்னிக்கட்டும். மச்சானுக்கு என் வணக்கம்.

நெஞ்சு கலங்கிய தம்பி,
சுருளியாண்டி

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் அனுசுயாவுக்கு மயக்கம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஐம்பது நாள் ஆகிறது, பங்குனியில் பிள்ளை என்றார். ஆடி பிறந்தே இருபது நாள்தான். மூன்று தரம் விரல் மடக்கிப் பார்த்துவிட்டேன் அக்கா, இது ஆனியில் உன் வீட்டில் வைத்தே முடிந்த விஷயம். பாண்டீஸ்வரனை நானே இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டேன். நீ அவனை அழைத்துப் போக வர வேண்டாம், மருமகளைப் பார்க்க வா.