வெர்னியரும் மஞ்சள் சீட்டும்

இட்லிக்கு ரிஜெக்‌ஷன் சீட்டு எழுதிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், ஒரு பல்சக்கரத் தொழிற்சாலையில், எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் வெர்னியர்.

வெர்னியர் என்பது கனத்தை அளக்கிற உலோகக் கருவி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் அதை வைத்திருந்தார். கேன்டீனில் தட்டு வந்ததும் கருவியை வெந்நீரில் கழுவித் துடைத்து, இட்லிக்கு வலிக்காமல் இரண்டு பக்கமும் பிடித்து அளப்பார். இருபத்தெட்டு மில்லிமீட்டர் இருந்தால் சாப்பிடுவார். இல்லாவிட்டாலும் சாப்பிடுவார், ஆனால் சீட்டு எழுதிச் சமையற்காரர் பட்டர் கையில் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். உடுப்பிப் பக்கத்துக்காரரான பட்டர் இவர் தலையைக் கண்டாலே அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்வார்.

எங்கள் வேலை கடைசிப் பரிசோதனை. நல்ல சரக்குக்குப் பச்சைச் சீட்டு, கழித்துக் கட்டியதற்குச் சிவப்புச் சீட்டு. மூன்றாவதாக ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. அதன் பெயர் ஹோல்டு. இன்னும் முடிவாகவில்லை, முடிவாகும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். வெர்னியர் இந்த மூன்று நிறங்களையும் பல்சக்கரங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கம்பெனி பஸ்ஸில் கிழிந்த இருக்கைக்கு மஞ்சள் கட்டினார். மேனேஜருடைய நாற்காலி கால் ஆடுகிறது என்று அதற்குச் சிவப்பு கட்டினார். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று மேனேஜர் அதைப் பிய்த்தெறிந்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் எந்தச் சீட்டைக் கண்டாலும் நின்று படித்துவிட்டுத்தான் ஒரு அடி எடுத்து வைப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் இவர் பேச்சு குறைந்துபோனது. வேலை நெருக்கடி என்று நான் நினைத்தேன். அவர் மனைவி, அல்சர் என்று நினைத்தார். சரியாகக் கண்டுபிடித்தவர் பட்டர்தான். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், உங்க வெர்னியர் சார் மூணு நாளா இட்லி அளக்கவே இல்ல. நேத்து கல்லு மாதிரி இருந்துச்சு, சும்னே, ஒண்ணும் சொல்லாம சாப்ட்டுட்டுப் போறாரு. எனக்கு பயம் ஆகுது சார்."

பட்டர் சொன்ன பிறகுதான் எனக்கும் பயம் வந்தது. அக்காவிடம், அதாவது அவர் மனைவியிடம், சொன்னேன். அக்கா அவரை ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். மனச்சோர்வு என்றார் டாக்டரம்மா, மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் மனிதர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார். ஒரு நாள் கேன்டீனில் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் வெளியே வந்தது. பட்டர் அன்று சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டார்.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் பட்டறையில் ஊறிய மூளை சும்மா இருக்குமா? ஒரு திங்கட்கிழமை என் காதோரம் வந்து சொன்னார்.

"தம்பி, மாத்திரைய நிறுத்திட்டனுங்க."

"டாக்டரம்மா சொன்னாங்களாண்ணா?"

"அவுங்க எதுக்குச் சொல்லோணும்? உருப்படி ரெடியாயிருச்சுன்னா அதை இறுக்கிப் புடிச்சிருக்கற கிளாம்பக் கழட்டறதில்லீங்களா? நான் ரெடிங்க. கழட்டிட்டேன்."

அனுபவமுள்ள பரிசோதகர் சொல்கிறார், நானும் தலையாட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புதன்கிழமை ஆரம்பித்தது. கண்ணை இடமிருந்து வலம் திருப்பினால் தலைக்குள் 'ஜிவ்'வென்று கரண்ட் பாய்கிறது என்றார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே தள்ளாடினார். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று ஜன்னலோரம் கேட்டு வாங்கினார். தூங்கினால் பயங்கரக் கனவுகள். தாம் இதுவரை கழித்துக் கட்டிய பல்சக்கரங்களெல்லாம் ஊர்வலமாக வீட்டுக்கு வந்து, எங்களுக்கு என்ன குறை, மறுபடி அளந்து பார் என்று கேட்டனவாம். மொத்தம் எத்தனை சக்கரம் என்று கனவிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார், பாவி மனுஷன்.

வியாழக்கிழமை ஒரு சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். என்னண்ணா என்றேன். "எத்தன அழகா அமைஞ்சிருக்குது பாருங்க தம்பி," என்றார். சிரிப்பதா, கூட உட்கார்ந்து அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் கேன்டீனில் சாம்பார் கொட்டியதற்குப் பட்டரிடம் கத்தினார். கத்திவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். பட்டருக்குக் கத்தல் பழக்கம். மன்னிப்புதான் அவரை ஆட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது அவர் சட்டைப் பையில் சிவப்புச் சீட்டு தொங்கியது. மேஜைமேல் அவருடைய பன்னிரண்டாம் நம்பர் ஸ்டாம்பு. பரிசோதகருக்கு அதுதான் கையெழுத்து, அதுதான் மானம். இருபது வருடத்தில் ஒரு நாள்கூட அதை அவர் அடுத்தவர் கையில் கொடுத்ததில்லை. என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"என் கை இனி அளவு சொல்லாதுங்க தம்பி. வியாதி திரும்ப வந்துருச்சு. இந்த வாட்டி மாத்திரைக்கும் நிக்காது."

அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சிவப்புச் சீட்டைப் பிடுங்கிக் கசக்கிப் போட்டேன். ஸ்டாம்பை என் பெட்டியில் பூட்டினேன். அரைநாள் லீவு எழுதிவிட்டு, வீட்டிலிருந்து அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் டாக்டரம்மாவிடம் போனோம். வழி முழுக்க அக்கா அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தார்.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்.

"மாத்திரை எப்போ நிறுத்தினீங்க?"

"திங்கக்கெழமைங்க."

"இது ஆரம்பிச்சது?"

"புதங்கெழமைங்க."

"போன வருஷம் உடம்பு முடியாதப்போ தலைக்குள்ள இந்த ஷாக் இருந்துச்சா?"

வெர்னியர் யோசித்தார். "இல்லீங்க."

"அப்போ பழைய வியாதி திரும்பிடுச்சுன்னு நீங்களே எழுதிடாதீங்க. பழகின மாத்திரையைப் பட்டுனு நிறுத்தினா நிறையப் பேருக்கு உடம்பு இப்படித்தான் தடுமாறும். மறுபடி ஆரம்பிப்போம். உடம்பு நிலைக்கு வரட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நான் குறைக்கிறேன். இடையில கஷ்டமா இருந்தா என்கிட்ட வந்து சொல்லணும். நீங்களா எதுவும் பண்ணக் கூடாது."

வெர்னியர் முகத்தில் வெகுநேரத்துக்கப்புறம் ஒரு வெளிச்சம். "கிளாம்பக் கழட்டறது சரிதானுங்க. ஒரே முறுக்குல கழட்டுனதுதான் தப்பு. கால் முறுக்கு, கால் முறுக்காக் கழட்டியிருக்கோணும்."

"அதேதான்," என்றார் டாக்டரம்மா. கிளாம்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"அப்ப நான் ரிஜெக்ட் இல்லீங்களா?" என்று கேட்டார் வெர்னியர். டாக்டரம்மா விழித்தார். நான்தான், "இல்லண்ணா, ஹோல்டு," என்றேன். அக்கா அப்போதுதான் சட்டைக் கையை விட்டார்.

சில வாரம் கழித்து மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னார் டாக்டரம்மா. வேறொருவர் பிளேடால் வெட்டியிருப்பார். இவர் சிறிய ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, இரண்டு பாதியும் ஒரே கனம்தானா என்று அளந்து, தேய்த்த பொடியையும் தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினார். அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாராம். "பிளேடு போதும் சார், பொடியைக் கீழே போடுங்க," என்றாராம். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் சில நாள் உடம்பு தள்ளாடியது. அந்த நாட்களில் சட்டைப் பையில் மஞ்சள் சீட்டைக் குத்திக்கொண்டு வந்துவிடுவார். "இன்னைக்கு ஹோல்டுங்க. பேசலாம். பதிலுக்கு நான் அழுதாலும் கத்துனாலும் கணக்குல எடுத்துக்கப்படாது," என்பார். நாங்கள் விஷயத்தை வெளியே விடவில்லை. மனநல டாக்டர் என்று சொன்னாலே ஆளை ஒரு மாதிரி பார்க்கிற காலம் அது. ஒரு நாள் மேனேஜர் அந்தச் சீட்டின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஏன்ரீ இது?" என்ன இது என்று கன்னடத்தில் கேட்டார்.

"பரிசோதனை நடக்குது சார்," என்றேன்.

மேனேஜர் சீட்டைப் படித்தார். நாற்காலி ஞாபகம் வந்திருக்க வேண்டும். தொடாமல், இரண்டு அடி விலகிச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு கட்டத்தில் கால் மாத்திரைக்கு வந்தபோது தலைக்குள் மறுபடி கரண்ட் பாய்ந்தது. இந்தத் தடவை அவர் தாமாக எதையும் செய்யவில்லை; நேரே டாக்டரம்மாவிடம் போய் நின்றார். இன்னும் ஒரு மாதம் இதே அளவில் இருங்கள் என்றார் அவர். இருந்தார். ஸ்டாம்பு என் பெட்டியிலேயே கிடந்தது. "தரட்டுமாண்ணா?" என்று வாரம் ஒரு தடவை கேட்பேன். "இன்னும் இல்லீங்க," என்பார். சரக்கை அவர் அளப்பார், நான் சரிபார்த்து என் ஸ்டாம்பைக் குத்துவேன்.

இதற்கிடையில் பட்டர் ரகசியமாக ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். தினமும் வெர்னியர் தட்டில் மட்டும் கொஞ்சம் ஒல்லியான இட்லியாகப் பார்த்து வைப்பார். வெர்னியர் சட்டைப் பைக்குக் கை கொண்டுபோகிறாரா என்று அடுப்படி ஜன்னலில் நின்று பார்ப்பார். கை போகாது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். பட்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். மாத்திரை மொத்தமாக நின்ற பிறகும் அதே கதை. மூன்று வாரம், நான்கு வாரம் போயிற்று. நெஞ்சுக்குள் எனக்கும் பழைய பயம் எட்டிப் பார்த்தது.

அப்புறம் ஒரு காலையில் வந்து கையை நீட்டினார். "ஸ்டாம்பக் குடுங்க தம்பி." டாக்டரம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறீர்கள், மறுபடி தள்ளாடினால் தயங்காமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டியைத் திறந்து கொடுத்தேன். துணியால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நேரே கேன்டீனுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

தட்டு வந்தது. வெந்நீர் கேட்டார். வெர்னியரைக் கழுவினார். இட்லியைப் பிடித்து அளந்தார். அடுப்படி ஜன்னலில் பட்டர் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"பட்டரே, இங்க வாங்க. இருபத்திநாலு. நாலு மில்லி கம்மி. இன்னைக்கு மட்டும் இல்லீங்க, ரெண்டு மாசமா எனக்கு மட்டும் கம்மி. பக்கத்துத் தட்டுல எல்லாம் சரியா இருக்குது."

"தெரிஞ்சுதா சார்?" என்றார் பட்டர். கரண்டியோடு வெளியே வந்திருந்தார்.

"மொத நாளே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் ஒரு மாத்து, ஒரு வார்த்தை சொல்லல?"

"என் கண்ணு சரியா, உங்க இட்லி சரியான்னு எனக்கே நிச்சயம் இல்லீங்களே. நான் ஹோல்டுல இருக்கறப்ப உங்களை எப்படி ரிஜெக்ட் பண்றது?"

சீட்டை எடுத்து எழுதினார். நான்கு மில்லி குறைவு, வேண்டுமென்றே செய்தது என்று காரணம் எழுதி, கீழே பன்னிரண்டாம் நம்பர் ஸ்டாம்பை அழுத்திக் குத்தினார். பட்டர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். நான் அந்தத் தொழிற்சாலையை விட்டுக் கிளம்புகிறவரை அந்தச் சிவப்புச் சீட்டு அடுப்படியில் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருந்தது.

எனக்கும் அவர் ஒன்று கொடுத்தார். அவர் சட்டையில் குத்திய கடைசி மஞ்சள் சீட்டு. குண்டூசி குத்திய ஓட்டைகளோடு என் பீரோவில் இருக்கிறது. வாழ்க்கையில் இரண்டு தடவை, நான் இனி எதற்கும் உதவ மாட்டேன் என்று தோன்றிய நாட்களில், அதை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒல்லியாக ஒரு இட்லி கண்ணில் படும்போதெல்லாம், பக்கத்து நாற்காலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.