ரெண்டு டப்பா நீலம், மூணு டப்பா வெள்ளை

வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது அவளுக்கு. காலையிலிருந்து கல்லூரிப் பரீட்சை ஹாலின் சுவரை உப்புத்தாளால் தேய்த்திருந்தாள். நாளைக்கு இதே ஹாலில் அவள் கணக்குப் பரீட்சை எழுத வேண்டும். தபாலில் படிக்கும் சரித்திரப் பட்டத்துக்கு மற்ற எல்லாத் தாளும் முடிந்தது; கட்டாயத் தாளான கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. ஒரு ஆபீஸ் வேலை அடுத்த மாசம்வரை அவளுக்காகக் காத்திருக்கும். பட்டம் இல்லாவிட்டால் சாகும்வரை உப்புத்தாள்தான்.

"என்ன காலேஜு, நின்னுக்கிட்டே தூக்கமா?" என்றார் மேஸ்திரி. வேலையாட்களுக்குள் அவள் பெயர் 'காலேஜு'தான்.

"கலர் கலக்கணுமே மேஸ்திரி."

கடையில் கலக்குகிற மெஷின் ரிப்பேர். பிரின்சிபால் பார்த்துச் சரியென்று தலையாட்டிய மாதிரிக் கலவை ஒரு சின்ன வாளியில் இருந்தது: ரெண்டு டப்பா நீலம், மூணு டப்பா வெள்ளை. மேஸ்திரி பெரிய டிரம்மில் பதினைந்து டப்பா வெள்ளையை ஊற்றினார்.

"நீலம் எத்தனை?"

"மாதிரியில வெள்ளை ஒரு டப்பா கூட. அப்போ இதுலயும் ஒண்ணுதான் கூட இருக்கணும். நீலம் பதினாலு. விகிதம்னா அதான்."

"விகிதமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அனுபவம். ஊத்து!"

ஊற்றினாள். கிண்டினாள். அடிபட்ட முழங்கால் கன்றிப்போன நிறத்தில் வந்தது.

"வெள்ளை பத்தலை" என்று மேஸ்திரி இன்னொரு பதினைந்து டப்பாவைச் சாய்த்தார். இப்போது துவைத்துத் துவைத்து நைந்த சட்டை மாதிரி வெளுத்துவிட்டது.

"பதறாதே. வெள்ளை முப்பது. ஒண்ணு குறைச்சு, நீலத்தை இருபத்தொம்பது ஆக்கு."

மறுபடியும் அதே கன்றிய நிறம். டிரம் வழிந்து இரண்டாவது டிரம்முக்கு வந்தாயிற்று. வராந்தாவுக்கு வாங்கி வைத்த சரக்கையும் உடைத்தாயிற்று.

பியூன் எட்டிப் பார்த்தார். "பெயின்ட் ஹாலுக்கா, கடலுக்கா?"

மேஸ்திரி நெற்றியைத் துடைத்தார், நெற்றியும் நீலமானது. "சரக்கு வீணானா என் தலைதான் போகும்."

அவள் சின்ன வாளியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இந்த வாளியையே திரும்பத் திரும்பக் கலக்கி டிரம்மில் கொட்டினால்? ஒவ்வொரு வாளிக்கும் ரெண்டு, மூணு. ரெண்டு, மூணு. ஒரு வாளிக்கு ஒரு டப்பா வித்தியாசம். பத்து வாளிக்கும் அதே ஒரு டப்பாதானா? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேஸ்திரி, இன்னும் ஒரு டப்பா நீலம் வேணும்."

"கண்ணு அவிஞ்சு போச்சா? ஏற்கெனவே நீலத்துல முங்கிக் கிடக்கோம்!"

"நீலம் முப்பதாகட்டும். ரெண்டு ரெண்டா எடுத்தா பதினஞ்சு வாளி. வாளிக்கு மூணு வெள்ளை, மொத்தம் நாப்பத்தஞ்சு. இன்னும் பதினஞ்சு வெள்ளை ஊத்தணும். கூட்டுறது இல்ல மேஸ்திரி, பெருக்குறது."

"தப்பாச்சுன்னா?"

"ஏணி வச்சு அடிக்கணுமே, அந்தக் கிழக்குச் சுவர், அதை நான் ஒத்தையா அடிக்கிறேன். சரியாச்சுன்னா நீங்க ஒத்தையா அடிங்க."

"பந்தயம்!"

டிரம்முக்கு டிரம் மாற்றி ஊற்றிக் கலக்கினார்கள். அவள் விரலால் தொட்டு, மாதிரி வாளியின் ஓரத்தில் தடவினாள். நிறம் அப்படியே ஒன்றிப்போய், எங்கே தடவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் போட்ட கூச்சலில் பிரின்சிபாலே ஓடி வந்தார். "அருமையா இருக்கே! மிச்சத்தை வராந்தாவுக்கும் அடிச்சிடுங்க."

பொழுது சாய்வதற்குள் மூன்று சுவர் முடிந்தது; மேஸ்திரியின் பங்கு மட்டும் மிச்சம். தோள்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் முன் பெஞ்சில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். முதல் கேள்வியே பழச்சாறும் தண்ணீரும் கலக்கிற விகிதம். பேனா அவளை முந்திக்கொண்டு ஓடியது. கடைசிக் கேள்விவரை அது நிற்கவில்லை.

மணி அடித்து வெளியே வந்தாள். பின்னாலேயே இஸ்திரி போட்ட சட்டையில் மேஸ்திரி.

"என்ன மேஸ்திரி, இப்பவே சுவர் அடிக்க வந்துட்டீங்களா?"

மேஸ்திரி கையிலிருந்த கேள்வித்தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வாசலில் நின்ற பியூன்தான் பதில் சொன்னார்.

"சுவரா? இவரும் தபால்ல சரித்திரம் படிக்கிறாரும்மா, கடைசி பெஞ்சு. கணக்குல அஞ்சு தடவை போயாச்சு, இது ஆறாவது."

"இந்தத் தடவை பெருக்கித்தான் போட்டிருக்கேன் காலேஜு" என்றார் மேஸ்திரி. "கிழக்குச் சுவர் மட்டும் இன்னும் என் கடன்."