மாப்பிள்ளை வீட்டார் குடித்த தேசிக்காய்த் தண்ணீர்

எங்கள் ஊரில் ஒரு பெண் எதை வேண்டுமானாலும் ஆராயலாம். கலியாணம் பேசுகிற வயதில் அதை வெளியே சொல்லக்கூடாது, அவ்வளவுதான். நான் ஆராய்ந்தது ஆண் விலங்குகளின் இனப்பெருக்கம். மூளைக்கு அடியில் இருக்கும் சின்னச் சுரப்பி ஒன்று, எங்கோ கீழே கிடக்கிற விதைகளுக்கு எப்படிக் கட்டளை அனுப்புகிறது என்பதுதான் என் கேள்வி. இணுவிலில், மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் நுழையாத எங்கள் வீட்டில், இதன் மேல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "மகள் கம்பஸிலை மூளையைப் பற்றி ஆராயிறா" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவந்தார். (பொய் என்று சொல்ல முடியாது.)

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தெட்டு வயது. அந்தக் காலத்துக்கு அது ஆபத்தான வயது. கொழும்பில் கணக்காளராக இருந்த ஒருவரின் சாதகம் ஒருவழியாகப் பொருந்தியது. இதுவும் குழம்பினால் இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று அம்மா நம்பினார். உண்மையில் நானும் நம்பினேன்.

பெண் பார்க்க வருவது பின்னேரம் என்றுதான் பேச்சு. ஆகவே காலையில் வழமைபோல இறைச்சிக் கடைக்குப் போனேன். அப்போதுதான் அறுத்த கடாவின் விதைகளையும் அந்தச் சுரப்பியையும் பொலித்தீன் பையில் கட்டி, மூடி போட்ட வாளியில் வைத்து, மேலே ஐஸ் நிரப்பிக்கொண்டு பக்கத்துத் திருநெல்வேலியில் இருந்த கம்பஸுக்குப் போனேன். ஆய்வுகூடம் இன்னும் திறக்கவில்லை. வாசலில் அண்ணை சைக்கிளோடு நின்றார்.

"ஏறு, ஏறு. பின்னேரம் நேரம் சரியில்லையாம். அவை இப்பவே வருகினம்."

வீட்டுக்கு வந்து வாளியைக் கிணற்றடி நிழலில் ஒளித்தேன். சேலை கட்டி முடிக்க, சின்னம்மா தட்டைக் கையில் தந்தார். கிளாஸ்களில் சீனி போட்டுப் பிழிந்த தேசிக்காய்த் தண்ணீர். குனிந்த தலை நிமிராமல் பரிமாறினேன். மாப்பிள்ளையின் தகப்பன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடியில் கிடந்ததை நறுக் நறுக்கென்று கடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ஐஸ் ஏது?

புத்தியுள்ள பெண் என்றால் இந்த இடத்தில் மயங்கி விழுந்திருப்பாள். நானோ, கடாவின் விதைகள் வெயிலில் பழுதாகிவிடுமே என்று தட்டைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன்.

"சின்னம்மா, வாளியைத் திறந்தனீங்களே?"

"ஓம் பிள்ளை. மாப்பிள்ளை வீட்டுக்கெண்டு ஐஸ் வாங்கி வந்திருக்கிறாய், ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நல்லா உடைச்சுப் போட்டன்."

"ஐயோ, அதுக்குள்ளை கடா ஆட்டின்ரை விதையெல்லோ கிடக்குது!"

நான் விரிவுரையாளர். வகுப்பின் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரல். திரும்பி வந்தபோது விறாந்தையில் எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கேட்டார்: "மூளை எண்டெல்லோ சொன்னவை?"

"ஓம் மாமி, மூளைக்குக் கீழை இருக்கிறதும் கிடக்குது," என்றேன். (ஆறுதல் சொல்வதாக எனக்கு நினைப்பு.) "எல்லாம் பையிலை கட்டித்தான் கிடக்குது. ஐஸிலை ஒண்டும் படேல்லை. பயப்பிடாதேங்கோ."

அவர் பயப்படவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினார். பிறகு குடும்பமே ஒவ்வொருவராக முழுகியது. மாற்றுவதற்கு அம்மா கொடுத்த புதுச் சேலையோடு அந்த மாமி போனார். சேலையும் திரும்பி வரவில்லை, சம்பந்தமும் வரவில்லை.

அம்மா அடுப்படியில் இருந்து அழுதார். நான் வெட்கத்தில் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அப்பா எழும்பிப் போய் வாளியைத் தூக்கித் தன் சைக்கிள் கரியரில் கட்டினார். மச்சம் சமைக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர்.

"ஐஸ் கரையுது பிள்ளை, வா," என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்றைக்குப் பிறகு அந்தச் சுரப்பியின் பின்னால் நான் பல வருடங்கள் அலைந்தேன். அப்பாவும் மூளைக் கதையை விட்டுவிட்டார். தரகர் வந்தால் முதல் பேச்சே இதுதான்: "என்ரை மகள் கடா ஆட்டின்ரை விதையை ஆராயிறவள். சம்மதமெண்டால் வரச்சொல்லும்." தரகர்கள் எங்கள் வீட்டு ஒழுங்கைப் பக்கம் வருவதையே நிறுத்தினார்கள். கடைசியில் ஒரே ஒரு மாப்பிள்ளை, தரகர் இல்லாமல் தானே பெண் பார்க்க வந்தார். சின்னம்மா நீட்டிய தட்டை மரியாதையாகத் தள்ளிவைத்தார்.

"குறை நினையாதேங்கோ. நான் சோடா கொண்டந்தனான்."

அவரைத்தான் கட்டினேன். மகனுக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் மனிதர் ஒரு பெட்டி சோடாவைக் காரில் ஏற்றினார்.