வாத்தியார் அடைகாத்த கதை

"இதுலயும் ஒண்ணையும் காணோமே!"

ஜன்னலைச் சாத்திய அறைக்குள்ளிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் முட்டை.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுப்பவர். முட்டைக்குள் கரு வளர்வதைக் கண்ணாலேயே காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் வாயை விட்டுவிட்டார். ஆய்வகத்துப் பொரிப்புப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து, தெருவில் வரும் முட்டைக்காரம்மாவிடம் மனைவி வாங்கிய முட்டைகளை அடுக்கி, ஒரு வாரமாகக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கிறார். இந்நேரம் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிவப்பாக நரம்பு ஓட வேண்டும். எந்த முட்டையிலும் ஓடவில்லை.

"சூடு பத்தலை" என்று பெரிய பல்பாக மாட்டினார். பெட்டி அடுப்பாகிவிட்டது. "ஈரம் வேணும்" என்று கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். முழங்கை பட்டுக் கிண்ணம் கவிழ்ந்து, ஒயர் நனைந்து, 'பட்' என்றொரு சத்தம். வீடு முழுக்க கரண்ட் போயிற்று.

"வேற ஏதாவது காரணமா இருக்குமோ என்னவோ" என்றாள் மனைவி.

"வேற என்ன காரணம்? கோழி சரியில்லை. அவ்வளவுதான்!"

அவள் உள்ளே போனாள்.

கல்யாணமாகிப் பல வருஷம். அவள் பார்க்காத டாக்டர் இல்லை, போடாத ஊசி இல்லை. "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லைம்மா. அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து வாத்தியாருக்கு வேலை ஒழியவே இல்லை. முதலில் பரீட்சைத் தாள் திருத்தினார். அப்புறம் விளையாட்டு விழா வந்தது. அதுவும் முடிந்ததும் பல்வலி வந்தது. கரும்பலகையில் விந்தணுவை வாலோடு அழகாக வரைகிற மனுஷனுக்கு ஆஸ்பத்திரிப் படி ஏற மட்டும் கால் வரமாட்டேன் என்றது.

கரண்ட் இல்லை, முட்டை ஆறிவிடும். வாத்தியார் எல்லாவற்றையும் துண்டில் சுற்றி வயிற்றோடு கட்டி, போர்வையைப் போர்த்திக் கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

"ஸ்கூலுக்குப் போகலையா?"

"லீவு சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"உடம்பு சரியில்லைன்னுதான். அடைகாக்கிறேன்னா சொல்ல முடியும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. ரகசியம் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரல்.

"வந்துடுங்கடா கண்ணுங்களா. ஒண்ணே ஒண்ணாவது வாங்கடா. இந்த வீட்ல ஒரு சின்னச் சத்தம் கேக்கட்டும்."

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டா பல்வலி பல்வலி என்று ஓடினார்? அவளுக்கு அழுகை வந்தது. போய் அவர் தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது.

அதற்குள் வாசலில் மணி அடித்தது. ஆப்பிள் பையோடு தலைமையாசிரியர்!

"என்ன சார், வயிறு இப்படி வீங்கியிருக்கு?"

"வாயு சார்."

"அய்யய்யோ, எழுந்திரிக்காதீங்க. படுங்க, படுங்க!" என்று தோளைப் பிடித்து அழுத்தினார். பாசக்காரர், பலசாலியும் கூட. வாத்தியார் ஒருக்களித்துச் சாய்ந்தார். நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. போர்வைக்கு அடியிலிருந்து மஞ்சளாக வழிந்து தரையில் சொட்டியது.

தலைமையாசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீங்க... ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க சார்" என்றவர், ஆப்பிளையும் கொடுக்காமல் போய்விட்டார்.

வாத்தியார் துண்டைப் பிரித்து ஒவ்வொரு ஓடாகப் பார்த்தார். ஒரு சிவப்புப் புள்ளி இல்லை.

"ஒண்ணுலகூட உயிர் இல்லைடி" என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் துடைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா தெருவில் "முட்டேய்!" என்று கேட்க வேண்டும்! வாத்தியாருக்குத் துக்கமெல்லாம் கோபமாகிவிட்டது. வாசலுக்குப் பாய்ந்தார். மனைவி பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள்.

"ஏம்மா, உன் கோழியெல்லாம் மலட்டுக் கோழியா?"

முட்டைக்காரம்மா கூடையை இறக்கி வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாக்கை அடக்கிப் பேசுங்க சார். என் கோழி ஒவ்வொண்ணும் தங்கம். உங்க முட்டை வந்த கூண்டுச் சேவல்தான் கோளாறு."

"தெரிஞ்சுமா அந்த முட்டையை என் தலையில கட்டினே?"

"நான் எங்க சார் கட்டினேன்? அக்காதான், 'எந்தக் கூண்டுச் சேவல் சரியில்லையோ அந்தக் கூண்டு முட்டையாப் பாத்துக் குடு, எங்க வீட்டு வாத்தியாருக்கு வேணும்'னு கேட்டு வாங்கினாங்க!"