மாப்பிள்ளைக்கு மொதல் சொட்டு

அன்னைக்கு எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாமனாரோட வலது கண்ணுல சொட்டு மருந்து விட்டு, சத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போகோணும்.

திருச்செங்கோட்டுச் சத்திரத்துல ஒரு கண் டாக்டர் வந்து தங்கி, புரை எடுத்துக்கிட்டிருந்தார். அன்னைக்குத்தான் கடைசி நாள். விட்டா அடுத்த வருசந்தான்!

"இதை விட்டாத்தான் கண்ணுப் பாப்பா விரியும். விரியாமக் கத்தி வெச்சா ஆபத்து. காலையில மூணு தடவை விடுங்க"ன்னு முந்தின நாளே சீசாவைக் கொடுத்திருந்தார். நானும் பெரிய மனுசனாட்டம் வாங்கி வெச்சுக்கிட்டேன்.

காலையில சீசாவைத் திறந்தேன். மாமனார் கையை நீட்டித் தடுத்துட்டார்.

"மாப்பிள்ளைக்குக் குடுக்காம இந்த ஊட்டுல நான் எதையாச்சும் தொட்டிருக்கேனுங்களா?"

நெசந்தான். காப்பி, பணியாரம், கெடா வெட்டினா ஈரல், எல்லாம் மொதல்ல எனக்குத்தான். அதுல நானும் கொஞ்சம் கொழுத்துப் போயிருந்தேன்.

"மாமா, இது மருந்துங்க!"

"எதா இருந்தா என்னங்க? நீங்க மொதல்ல!"

பயம்னு சொன்னா மானம் போயிடும்னு மரியாதைன்னு சொன்னாரோ என்னமோ! ஒரு சொட்டு விட்டுக்கிட்டேன்.

"ஒத்தையா ஆகாதுங்க மாப்பிள்ளை. சோடியா விடுங்க!"

மறு கண்ணுலயும் விட்டேன். அப்புறந்தான் அவர் கண்ணைக் காட்டினார்.

அரை மணி கழிச்சு ரெண்டாந்தடவை. சீசா எது, என் விரல் எதுன்னே தெரியல! வெளிச்சம் வேற கண்ணைக் கூசுது. குத்துமதிப்பா விட்டேன்.

"மாப்பிள்ளை, அது மூக்குங்க!"

மறுபடி விட்டேன்.

"அது மீசைங்க!"

உள்ளே மாமியார் முந்தானையை வாயில வெச்சுச் சிரிக்கிற சத்தம் கேக்குது. சீசாவும் காலி!

கடைசியில புரைக் கண்ணுக்காரர் என் கையைப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போனார்.

"பள்ளமுங்க... சாணிங்க... சரி, மிதிச்சுட்டீங்க."

சத்திரத்துல கம்பவுண்டர் நேரா என் கண்ணைத்தான் விரிச்சுப் பார்த்தார்.

"அடடா, பாப்பா என்னமா விரிஞ்சிருக்கு! ஏறிப் படுங்க!"

எனக்கு உசுரே போயிடுச்சு. "ஐயோ, நோயாளி நானில்லீங்க!"

"பயத்துல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க"ன்னு ரெண்டு பேர் என் காலைப் புடிச்சுட்டாங்க.

டாக்டர் கையைத் துடைச்சுக்கிட்டே வந்தார். "மொதல்ல யாருக்கு?"

மாமனார் பயபக்தியாக் கும்பிட்டார்.

"எப்பவும் போல மாப்பிள்ளைக்குத்தானுங்க!"

விசயம் தெரிஞ்சு டாக்டர் சிரிச்ச சிரிப்புல சத்திரமே ஆடிப் போச்சு. மாமாவுக்கு அவர் கையாலயே மருந்து விட்டு, மத்தியானம் புரையை எடுத்துட்டார். மாமாவுக்குப் பார்வை வந்துடுச்சு. எனக்குத்தான் தெளியப் பத்து நாளாச்சு.

இப்பல்லாம் மாமனார் ஊட்டுல நானாவே ரெண்டாம் பந்திதான்.